ஓட்டுநர் பக்கம்

நாலு போல்ட்டில் மூன்று வந்துவிட்டது.
நாலாவதற்கு இரண்டு நாள்,
அரை பாட்டில் மண்ணெண்ணெய்,
என் கட்டைவிரல் நகம்.

மயக்க மருந்து டாக்டரிடம் வாங்கிய கார்.
மயங்கித்தான் வாங்கினாய் என்கிறாள் ஹெப்சிபா.
இரண்டே பேர் உட்காரும் சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட்,
அறுபத்தெட்டு மாடல், கூரை கிழிந்து போயிற்று.
என்ஜின் காட்பாடி மெக்கானிக்கின் மேசைமேல்
பதினோரு மாதமாகப் பிரிந்து கிடக்கிறது.

மாடிவீட்டு முனிரத்தினம்
மூக்கிலிருந்த இரண்டு எழுத்தைப் பார்த்து
'இன்னா சார், ஆர் எங்கியாவது வுழுந்துடுச்சா' என்றார் முதல் நாள்.
போன வாரம்,
'தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
இப்ப சத்துவாச்சாரியில என்ஜின் இல்லாத காரு.'

வெயில் நூற்றெட்டு.
வெளியே ஸ்பேனரைத் தொட முடியவில்லை.
சீட்டுகளை ஹாலுக்குத் தூக்கி வந்து
மின்விசிறிக்குக் கீழே வைத்தோம்.

பழைய உறையைக் கிழிக்கக் கூடாது, அதுதான் அளவு.
இரும்பு வளையங்களை நெம்பி
பிளேடு நுனியால் தையலை அவிழ்த்து
ஒவ்வொரு துண்டாக நான் எடுத்துக் கொடுக்க
சாக்பீஸில் அவள் பெயர் எழுதினாள்:
வலது தோள். இடது தொடை.
சீட்டுக்கு ஏது தொடை என்றேன்.
'அப்ப நீயே எழுது.'

உள்ளே
ஒரு காலத்தில் நுரைரப்பராக இருந்த மஞ்சள் பொடி,
ஒரு கொண்டை ஊசி,
விலை அழிந்த பிளாட்பார டிக்கெட்,
எலி பிள்ளை பெற்ற இடம்.

ஒரிஜினல் சீமைத் தோல் என்று
டாக்டர் சத்தியம் செய்ததைத் திருப்பிப் போட்டாள்.
சதைப்பக்கம் ஊதா முத்திரை.
ஓர் எண், அதன் கீழே
பாதி தேய்ந்த பேர்ணாம்பட்டு.

இங்கே உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறி,
கப்பலேறிப் போய்
அங்கே இந்தக் காரில் தைபட்டு
மறுபடி கப்பலேறி வந்ததா?
இல்லை, எழுபதுகளில் யாரோ ஒருவர்
இதேபோல ஒரு மே மாதத்தில்
வீட்டுக்குள் உட்கார்ந்து மாற்றினாரா?
முகர்ந்து பார்த்தாள்.
'எப்படிப் போனாலும் இந்த நாத்தம் நம்ம நாத்தம்.'

அவளுக்குத் தெரியும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம்.
அவள் தைத்த மேல்தோல் எந்த ஊர்ப் பனியில் நடக்கிறதென்றுதான்
தெரியாது.

பக்கத்து சீட்டை அவள் தைத்தாள்.
உஷா மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டு
சக்கரத்தைக் கையால் சுற்றி, எட்டு வரி,
நூல் பிடித்ததுபோல.
ஓட்டுநர் சீட்டை நான்தான் தைப்பேன் என்று அடம்பிடித்தேன்.
முதல் வரி பரவாயில்லை.
மூன்றாவது கொஞ்சம் பாலாறு.
ஆறாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மொட்டைமாடியில் பத்து நிமிடம் காயப்போட்டால்
தோல் இளகி வளைந்து கொடுக்கிறது.
இந்த வெயிலைத் திட்டாத ஒரே பத்து நிமிடம்.
முழங்காலால் ஸ்பாஞ்சை அமுக்கினேன்.
இழு.
இழுத்துட்டேன்.
இன்னும்.
'என்ன, பிரசவமா பாக்குற?'
அந்தச் சிரிப்பில் வளையம் கைதவறி
அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்தவள்
கோணல் வரிகளின்மேல் போய் உட்கார்ந்தாள்.
அது என் பக்கம் என்றேன்.
அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.
'நீ தைச்சது எனக்கு உறுத்தட்டும்,
நான் தைச்சதுல நீ உக்காரு.'

தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.
எதிரே ஃப்ரிட்ஜ், மளிகைக்கடை காலண்டர்.
இடது காலால் மொசைக் தரையை அமுக்கினாள்.
எங்கே போகிறோம்?
'வாணியம்பாடி வரைக்கும். பிரியாணி.'
ஆம்பூர் முன்னாடியே வருமே என்றேன்.
'ஓட்டுறது நான்.'

பள்ளிகொண்டா தாண்டியிருப்போம்,
கரண்ட் போனது.
அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.
கியர் இருக்கவேண்டிய இடத்தில்
நகம் கறுத்த என் கட்டைவிரல்.
மூன்றாவதற்கு மாற்றினாள்.
வலித்தது.